காசிமேட்டு மீன் முதல் மூட்டை அரிசி வரை: வீட்டு வேக்குவம் சீலரைத் தேர்ந்தெடுப்பதும் சரியாகப் பயன்படுத்துவதும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டுக்கு அந்த நாட்களில் ஃபைபர் படகு மீன்தான் வரும். வஞ்சிரம் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். அதனால் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பல வீடுகளில் ஏப்ரல் முதல் வாரத்திலேயே நாலைந்து கிலோ வாங்கி ஃப்ரீசரில் அடைத்துவிடுகிறார்கள். மூன்று வாரம் கழித்து எடுத்தால் துண்டின் ஓரம் வெளுத்து, பஞ்சு மாதிரி காய்ந்து, வறுக்கும்போது பழைய எண்ணெய் வாடை அடிக்கும். மீன் கெட்டது வாங்கியதால் அல்ல. சாதாரண கவருக்குள் காற்றும் சேர்ந்து அடைபட்டதால்.

ஃப்ரீசருக்குள் இருக்கும் காற்று மிக வறண்டது. மீனின் மேல்பரப்பில் உறைந்த ஈரம் தண்ணீராக மாறாமலே ஆவியாகிக் கவருக்குள் பனியாகப் படியும். மீன் காய்வது அதனால்தான். அதே காற்றிலுள்ள ஆக்சிஜன் மீன் கொழுப்போடு சேர்ந்து அதைக் காறலாக்குகிறது. கவருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு வாயை ஒட்டும் மெஷின்தான் வேக்குவம் சீலர். அது இந்த இரண்டையும் தடுக்கும். அதற்கு மேல் எதையும் செய்யாது. கிருமியைக் கொல்லாது, நேற்றைய மீனை இன்றைய மீனாக்காது, ஃப்ரிட்ஜின் வேலையையும் செய்யாது. காற்றை எடுப்பது மெஷின், காப்பாற்றுவது குளிர். இதை மனதில் வைத்துக்கொண்டால் மெஷின் தேர்விலும் பயன்பாட்டிலும் பாதித் தவறுகள் வராது.

எந்த வகை மெஷின்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். முறுக்கு, மிக்சர் பாக்கெட் போடுகிறவர்கள் வைத்திருக்கும் கை சீலர் வாயை ஒட்டும், காற்றை எடுக்காது. பாரிமுனைக் கடைகளில் "சீலிங் மெஷின்" என்று கேட்டால் பெரும்பாலும் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். "வேக்குவம்" என்ற சொல்லை அழுத்திச் சொல்லிக் கேளுங்கள்.

வேக்குவம் மெஷின்கள் மூன்று வகை. கையில் பிடிக்கும் சின்ன பம்பும் வால்வு வைத்த ஜிப் கவரும் கொண்டது ஒன்று. தினம் திறந்து மூடும் முந்திரி, காபித்தூளுக்கு அது போதும். ஃப்ரீசரில் ஒரு மாதம் தாண்டினால் ஜிப் வழியாகக் காற்று மெல்ல உள்ளே வந்துவிடும். இரண்டாவது, கவரின் வாயை மட்டும் மெஷினுக்குள் வைத்து உறிஞ்சும் வகை. வீட்டுக்கு ஏற்றது இதுதான், இந்தக் கட்டுரையில் மெஷின் என்று சொல்வதும் இதைத்தான். மூன்றாவது, கவரையே முழுதாக உள்ளே வைத்து மூடும் அறை வகை. குழம்பைக்கூட அப்படியே சீல் போடும், சாதாரண வழவழப்பான கவரே போதும். ஆனால் 20 கிலோவுக்கு மேல் எடை, விலையும் பல மடங்கு. வீட்டிலிருந்தே மீன் கடை நடத்துகிறவர்களுக்கு அது பொருந்தும்; நாலு பேர் உள்ள குடும்பத்துக்குத் தேவையில்லை.

இரண்டாவது வகையில் வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. சீல் போடும் பட்டையின் நீளம் 28 முதல் 30 சென்டிமீட்டர் இருக்கட்டும். அகல ரோல் அப்போதுதான் உள்ளே போகும். ஒட்டும் கோடு எவ்வளவு அகலம் என்று கேளுங்கள். 2 மில்லிமீட்டர் கோடு பருப்புக்குச் சரி, மீனுக்குக் குறைவு. 3 மில்லிமீட்டருக்கு மேலோ, இரட்டைக் கோடோ இருந்தால் நல்லது. உறிஞ்சும் வலு கிலோபாஸ்கலில் எழுதியிருக்கும்: 60 என்றால் சுமார், 80 என்றால் நன்று. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமே 101 கிலோபாஸ்கல்தான். அதற்கு மேலான எண்ணைப் பெட்டியில் அச்சிட்டிருந்தால் அந்த மெஷினை விட்டுவிடுங்கள்.

மீன் வாங்கும் வீட்டுக்கு நாங்கள் முக்கியமாகச் சொல்வது இரண்டு. ஒன்று, பாதியில் நிறுத்தி உடனே சீல் போடும் பட்டன். அது இல்லாத மெஷின் தானாகத்தான் நிற்கும். அதற்குள் இறாலின் நீர் வாய் வரைக்கும் ஏறிவிடும். இரண்டு, கழற்றிக் கழுவக்கூடிய நீர்த்தட்டு. மீன் நீர் ஒரு தடவையாவது உள்ளே இறங்காமல் இருக்காது. தட்டைக் கழற்ற முடியாத மெஷினில் அந்தக் கவிச்சி நிரந்தரமாகத் தங்கிவிடும்.

பர்மா பஜாரில் வெளிநாட்டு மெஷின் பார்த்தால் பின்னால் ஒட்டியிருக்கும் வோல்ட்டேஜைப் படித்த பிறகு விலை பேசுங்கள். 110 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் நம் 230 வோல்ட் பிளக்கில் மாட்டிய நொடியில் கருகும். மேல் கீழ் ரப்பர், சூடாகும் கம்பியின் மேல் ஒட்டியிருக்கும் டெஃப்லான் பட்டை இரண்டும் தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடமே கேட்டுவிடுங்கள். தேய்வது அவைதான்.

கவர்தான் பாதி வேலை

இந்த மெஷினுக்கு ஒரு பக்கம் வரிவரியாக மேடு பள்ளம் உள்ள கவர்தான் வேண்டும். வழவழப்பான கவரை வைத்தால் உறிஞ்ச ஆரம்பித்ததுமே இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும், உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழி இருக்காது. மளிகைக் கடைக் கவரில் முயன்றுவிட்டு மெஷின் சரியில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

கவர் நைலானும் பாலிஎத்திலினும் சேர்ந்த அடுக்காக இருக்க வேண்டும். நைலான் காற்றைத் தடுக்கும், பாலிஎத்திலின் சூட்டில் ஒட்டும். வெறும் பாலிஎத்திலின் வழியாக ஆக்சிஜன் மெல்ல ஊடுருவும். தடிமன் பருப்பு, அரிசிக்கு 70 மைக்ரான் போதும். மீனுக்கும் கறிக்கும் 90 முதல் 100 மைக்ரான். வெட்டிய கவரைவிட ரோல் சிக்கனம். 20 சென்டிமீட்டரில் ஒன்றும் 28 சென்டிமீட்டரில் ஒன்றும் இருந்தால் எல்லாவற்றுக்கும் போதும். பொருளின் நீளத்தோடு 10 சென்டிமீட்டர் கூட்டி வெட்டுங்கள்: அடி சீலுக்கு 3, வாய்க்கு 7. வாயில் கஞ்சத்தனம் பண்ணினால் பட்டைக்கு எட்டாது, இழுத்துப் பிடித்தால் சுருக்கம் விழும்.

வஞ்சிரம்: ஆரம்பம் முதல் முடிவு வரை

விடியற்காலை ஏலம் முடிந்து சில்லறைக்கு வரும்போதே வாங்குங்கள். செவுள் சிவப்பாக, கண் மேடாக, விரலால் அழுத்தினால் குழி உடனே நிமிர வேண்டும். "அக்கா, தலையும் வாலும் தனியா எடுத்துட்டு, முக்கால் இஞ்சு துண்டா போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிடுங்கள். அதைவிட மெல்லிய துண்டு சீக்கிரம் காயும், தடித்தது உறைய நேரம் எடுக்கும். வீட்டுக்கு வரும் வரை ஐஸ் போட்ட பையில் வரட்டும். சூரை, கானாங்கத்தை, மத்தி வாங்கினால் இதில் கூடுதல் கண்டிப்பு தேவை. இந்த மீன்கள் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகும். பிறகு உறைய வைத்தாலும் வேக வைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடிப்பது அதனால்தான்.

வீட்டில் குளிர்ந்த தண்ணீரில் ரத்தம் போக அலசுங்கள். உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் இப்போது வேண்டாம். உப்பு மீனிலிருந்து நீரை வெளியே இழுக்கும், ஃப்ரீசரில் கொழுப்பு காறலாவதையும் வேகப்படுத்தும். எடுத்து உருக்கிய பிறகு தடவிக்கொள்ளலாம். அலசிய துண்டுகளைச் சுத்தமான காட்டன் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு ஒற்றி எடுங்கள். பிறகு எவர்சில்வர் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, ஒன்றரை முதல் 2 மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். முழுக்க உறைய வேண்டாம். மேல்பரப்பு விறைத்து, தட்டினால் 'டக்' என்று சத்தம் வந்தால் போதும். இந்த ஒரு படியை விட்டுவிடுவதால்தான் மீன் சீல் அதிகம் பிரிகிறது. உறையாத மீனை உறிஞ்சினால் அதன் சாறு வாய்க்கு ஏறி, ஒட்டும் இடத்தில் ஈரம் படிந்துவிடும்.

கவரின் வாயை 5 சென்டிமீட்டர் வெளிப்பக்கமாக, சட்டைக் கையை மடிப்பது போல மடித்துவிட்டு, ஒரு வேளைக்கு வேண்டிய 4 அல்லது 5 துண்டுகளை ஒரே அடுக்காக வையுங்கள். மடிப்பை நிமிர்த்தினால் ஒட்டும் இடம் மீன் படாமல் சுத்தமாக இருக்கும். இருந்தாலும் உலர்ந்த துணியால் வாயின் உள்பக்கத்தை ஒருமுறை துடையுங்கள். முதுகெலும்பின் வெட்டுமுனை கூராக இருந்தால் அந்த இடத்தில் பட்டர் பேப்பரை இரண்டாக மடித்து வைத்துவிடுங்கள்.

வாயை இரண்டு கையாலும் இழுத்துச் சமப்படுத்தி, உறிஞ்சும் பள்ளத்துக்குள் நுனி விழும்படி வைத்து மூடியைப் பூட்டுங்கள். கவர் துண்டுகளோடு ஒட்டி, பம்பின் சத்தம் மெலிந்து உயரும்போது சீல் விளக்கு எரியும். விளக்கு அணைந்ததும் உடனே திறக்காமல் 3 விநாடி பொறுங்கள்; சூடான ஒட்டு இறுகட்டும். முதல் கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வெளியே, சீல் மட்டும் போடும் பட்டனால் இரண்டாவது கோடு போடுங்கள். மீனுக்கு இரண்டு கோடு கட்டாயம்.

இப்போது கவரை ட்யூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நல்ல ஒட்டு கண்ணாடி மாதிரி, ஒரே அகலத்தில், முனையிலிருந்து முனை வரை தெளிவாகத் தெரியும். அதற்குள் எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடு குறுக்கே ஓடினால் அது சுருக்கம்; அந்த வழியாக இரண்டே நாளில் காற்று நுழையும். குமிழ் குமிழாகத் தெரிந்தால் ஈரம். பழுப்பாகி நெளிந்திருந்தால் சூடு அதிகம். மூன்றில் எதுவானாலும் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள். 7 சென்டிமீட்டர் வாய் விடச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

மீன் பெயர், துண்டு எண்ணிக்கை, தேதி மூன்றையும் மார்க்கரால் எழுதுவதைக் கவர் காலியாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். குளிர்ந்த கவரில் மை நிற்காது. பாக்கெட்டுகளைத் தட்டையாகப் பரப்பி, ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு கிலோவுக்கு மேல் ஃப்ரீசரில் திணிக்காமல் வையுங்கள். மொத்தமாகப் போட்டால் நடுவில் இருப்பது மெல்ல உறையும். மெல்ல உறைந்தால் பெரிய ஐஸ் படிகம் உண்டாகி, உருகும்போது மீன் கொழகொழத்துவிடும்.

மைனஸ் 18 டிகிரி காக்கும் ஃப்ரீசரில் இப்படிப் போட்ட வஞ்சிரம், கொடுவா, சங்கரா 4 மாதம் வரை சுவை குறையாமல் இருக்கும். மத்தி, கானாங்கத்தை போன்ற கொழுப்பு மீன்களை 2 மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி பெரும்பாலும் அந்தக் குளிரை எட்டாது. சின்ன ஃப்ரீசர் தெர்மாமீட்டர் ஒன்று உள்ளே போட்டுப் பாருங்கள். மைனஸ் 10, 12 என்று காட்டினால் மேலே சொன்ன காலத்தைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

இறால், நண்டு, கருவாடு

இறாலின் தலையில் உள்ள கொம்பும் வால் நடுவில் உள்ள முள்ளும் எந்தக் கவரையும் குத்தும். தலை கிள்ளி, கறுப்புக் குடல் எடுத்து, முள்ளையும் ஒடித்துவிட்டு, மீன் மாதிரியே விறைக்க வைத்துப் போடுங்கள். முழு நண்டை வேக்குவம் போட முயல வேண்டாம். ஓடு கவரைக் கிழித்துவிடும். நெத்திலியைச் சுத்தம் செய்து கால் கிலோ பாக்கெட்டாகப் போடலாம். அழுத்தத்தில் நசுங்குகிற மீன் அது. மென்மை மோடில் வைத்து, கவர் ஒட்ட ஆரம்பித்ததும் நிறுத்தி சீல் போடுங்கள்.

கருவாடு தனிக் கதை. கடலோரக் காற்றின் ஈரத்தை உப்பு இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் வெளியே வைத்த கருவாடு ஒரு வாரத்தில் பிசுபிசுத்துவிடும். நல்ல வெயிலில் ஒரு நாள் மறுபடி காயவைத்து, ஆறவிட்டு, பேப்பரில் சுற்றிச் சீல் போட்டு, அந்தப் பாக்கெட்டை இன்னொரு கவருக்குள் வைத்து மறுபடி சீல் போடுங்கள். வாடை வெளியே வராது, முள் குத்தினாலும் இரண்டாம் கவர் காக்கும். அப்படியும் ஃப்ரீசரில்தான் வைக்க வேண்டும். "காய்ந்ததுதானே" என்று அலமாரியில் வைக்காதீர்கள். காரணம் அடுத்து.

காற்று இல்லாத இடத்தில் வளர்கிற கிருமி

குளோஸ்டிரிடியம் பாட்டுலினம் என்று ஒரு கிருமி. மண்ணிலும் கடலடிச் சேற்றிலும் இருக்கும். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் அது வளராது. நாம் சிரமப்பட்டுக் காற்றை எடுத்த கவர் அதற்குத் தோதான இடம். மீனில் காணப்படும் வகை 3 டிகிரி செல்சியஸ் குளிரில்கூட வளரும், அதாவது பல வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டிலேயே. வாடையோ நிற மாற்றமோ காட்டாமலே நரம்பைத் தாக்கும் நச்சை உண்டாக்கக்கூடியது. ஆகவே கீழே உள்ளவற்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

சீல் போட்ட மீன் ஃப்ரீசரில் மட்டும் இருக்க வேண்டும். உருக்கும்போது கவரை முதலில் வெட்டி, மீனைக் கிண்ணத்துக்கு மாற்றி மூடி, பிறகு ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் இரவு முழுக்க வையுங்கள். சீல் பிரிக்காமல் உருகவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. உரித்த பூண்டு, வெங்காயம், காளான் ஆகியவற்றைப் பச்சையாக வேக்குவம் போட வேண்டாம். இஞ்சி பூண்டு விழுது போட்டால் நேராக ஃப்ரீசருக்குப் போகட்டும். மீதமான பிரியாணியோ குழம்போ வேக்குவம் போட்டாலும் ஃப்ரிட்ஜில் அதே 3 நாள்தான். அந்தக் கணக்கை மெஷின் மாற்றாது.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதும் இதில் அடங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. நிறைந்த பெரிய ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் வைத்தால் சுமார் 2 நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். ஃப்ரிட்ஜ் மேலுள்ள சின்ன ஃப்ரீசர் அதற்கும் குறைவு. கரண்ட் வந்ததும் பாக்கெட்டை அழுத்திப் பாருங்கள். உள்ளே ஐஸ் நெறுநெறுவென்று இருந்தால் அன்றே சமைக்கலாம் அல்லது மறுபடி உறையவிடலாம். முழுக்க இளகி, குளிர்ச்சியும் போயிருந்தால், கவர் இறுக்கமாகவே இருந்தாலும் தூக்கி எறியுங்கள்.

அரிசி, பருப்பு, பொடி, மற்றவை

25 கிலோ மூட்டையை ஒரே தடவையில் முடிக்காத வீட்டுக்கு இந்த மெஷின் பெரிய உதவி. வண்டு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. முட்டை அரிசிக்குள்ளேயே இருக்கும். வீட்டு மெஷின் காற்றை முழுதாக எடுக்காது என்பதால் முதலில் ஒன்றரை கிலோ பாக்கெட்டாகச் சீல் போட்டு, முறை வைத்து 4, 5 நாள் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள், முட்டையும் அழியும். எடுத்தபின் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வியர்க்கும். ரவை, மைதா, கடலை மாவுக்கும் இதே முறை. சரியாகச் சீல் ஆன அரிசி செங்கல் மாதிரி கெட்டியாக நிற்கும். அடுத்த நாள் குலுக்கினால் சத்தம் வந்தால் எங்கோ ஓட்டை.

மிளகாய்த்தூள், சாம்பார்ப் பொடி, மாவு எதுவானாலும் முதலில் பேப்பர் கவரில் மடித்துப் போட்டு, அதை வேக்குவம் கவருக்குள் வையுங்கள். நேராகப் போட்டால் தூள் பறந்து ஒட்டும் இடத்தில் படியும், பம்புக்குள்ளும் போகும். காம்போடு காய்ந்த மிளகாய் கவரைக் குத்தும். துருவிய தேங்காயைத் தட்டையாக உறையவைத்துச் சீல் போட்டால் 3 மாதம் வரும். குழம்பை டப்பாவில் உறையவைத்து, கட்டியாக எடுத்து, பிறகு போடுங்கள்.

இட்லி மாவு வேண்டாம். அதிலுள்ள வாயு வேக்குவத்தில் பொங்கி மெஷினுக்குள் போகும். தப்பித்தவறி சீல் ஆனாலும் பாக்கெட் பலூனாக உப்பும். கோஸ், காலிஃபிளவரும் வாயு விடுபவைதான். 2, 3 நிமிடம் கொதிநீரில் போட்டு, ஆறவைத்து, உறையவைத்த பிறகே போடலாம். புதிதாக வறுத்த காபிக் கொட்டை உப்பினால் பயப்பட வேண்டாம், வறுத்ததில் வரும் வாயு அது.

மெஷின் மக்கர் பண்ணினால்

பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது, கவர் ஒட்டவில்லை என்றால் முதலில் ரப்பரைப் பாருங்கள். ஒரு சோற்றுப் பருக்கை, ஒரு மீன் செதில் போதும், காற்று கசிய. கழற்றிக் கழுவி, உலர்த்தி, நெளியாமல் பள்ளத்தில் பொருத்துங்கள். மெஷினை மூடிப் பூட்டியபடி அலமாரியில் வைப்பதாலும் ரப்பர் நசுங்கிப்போகும், பூட்டாமல் வையுங்கள். ரோலின் ஒரு துண்டில் அடி சீல் போட்டு, காலியாக உறிஞ்சிப் பாருங்கள். அது இறுகினால் மெஷின் சரி, கோளாறு அந்தக் கவரில்.

முதல் நாலைந்து பாக்கெட் நன்றாக ஒட்டி, பிறகு கோடு உருகி நெளிந்தால் பட்டை சூடேறிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் நடுவே 40 விநாடி, பத்துப் பாக்கெட்டுக்கு ஒருமுறை 10 நிமிடம் ஓய்வு கொடுங்கள். ஒட்டே சரியாக விழவில்லை என்றால் டெஃப்லான் பட்டை கருகியிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, புதுப் பட்டை ஒட்டலாம். கத்தியால் சுரண்ட வேண்டாம், அடியில் உள்ள கம்பி அறுந்துவிடும். மீன் போட்ட அன்றே நீர்த்தட்டைக் கழுவி, ஈரம் துடைத்து, துணி போட்டு மூடுங்கள். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று உள் இரும்பை வேகமாகத் துருவாக்கும். பச்சை மீன், கறி போட்ட கவரைக் கழுவி மறுபடி பயன்படுத்தக் கூடாது. அரிசி, பருப்புக் கவரை வாயை வெட்டி நாலைந்து தடவை பயன்படுத்தலாம்.

மழைக்கு முன் ஒரு வேலை

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, மணலி மாதிரித் தண்ணீர் நிற்கும் பகுதியில் இருப்பவர்கள் பத்திரம், மார்க் ஷீட், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் இதே மெஷினில் பூட்டிவைக்கலாம். காகிதம் நன்றாக உலர்ந்திருக்கட்டும். கவரின் வரிகள் காகிதத்திலும் போட்டோவிலும் பதியாமல் இருக்க இரண்டு பக்கமும் அட்டை வைத்து, கவர் லேசாக ஒட்டியதும் நிறுத்தி, இரண்டு கோடு சீல் போடுங்கள். சேலைப் பெட்டியின் அடியில் அல்ல, பரண் மேலே வையுங்கள். ஒவ்வொரு வருடமும் அக்டோபர் தொடக்கத்தில் எடுத்துத் தொட்டுப் பாருங்கள். கவர் தளர்ந்திருந்தால் வாயை வெட்டி, மறுபடி சீல் போட்டு வைத்துவிடுங்கள்.